பள்ளிவாசல் மண்ணும் பாஸ்பேட் கல்லும்

பள்ளிவாசல் என்றதும் நம் அன்பர்கள் பலருக்கு மசூதிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஓர் ஊரை. மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் மலைச்சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் வந்தால் பள்ளிவாசல். கேரளத்தில் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. ஆனால் தேயிலைத் தோட்டத்து லயங்களில் காதில் விழுவது தமிழ். மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறிய குடும்பங்கள் அவை. நம் சங்க உறுப்பினர்களிலும் அந்தப் பக்கம் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் உண்டு. என் தங்கை மகளை அங்கேதான் கொடுத்திருக்கிறது. மருமகப்பிள்ளைக்குத் தோட்டத்தில் ஃபீல்டு வேலை. வீட்டில் ஒரு கலப்பினப் பசு.

சில மாதங்களுக்கு முன் அவள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, மாடு கயித்தைக் கடிக்குது, செவுத்தை நக்குது. குப்பையில கெடந்த எலும்பைக் கூட வாயில போட்டு மெல்லுது. டாக்டர் வந்து பாத்துட்டு பாஸ்பரஸ் கொறச்சல்னு சொல்லிட்டுப் போனாரு. தோட்டத்து உர ஸ்டோர்ல ராக் பாஸ்பேட் மூட்டை அடுக்கி வச்சிருக்காங்களே, அதுவும் பாஸ்பரஸ்தானே? தெனம் ஒரு கை தவிட்டுல போட்டுக் கலக்கிக் கொடுத்தா என்ன?"

"கொடுத்துவிடாதே அம்மா, விவரமாகச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். நான் படித்தது டிப்ளமோ என்ஜினீயரிங். உத்தியோகம் தண்டவாளப் பராமரிப்பு. ரசாயனம் என் துறை அல்ல. ஆனால் உரம் இறக்கும் குட்ஷெட்டுகளோடு பல வருஷம் பழகியவன். அந்தப் பழக்கத்தில் உர ஆலைகளில் வேலை பார்த்த நண்பர்களும் உண்டு. மூட்டையில் இருக்கும் பாஸ்பேட்டும் மாட்டுக்கு வேண்டிய பாஸ்பேட்டும் பெயரில் ஒன்று, குணத்தில் வேறு என்பது எனக்குத் தெரியும். ஏன் வேறு என்று அவளுக்கு விளக்கப் புகுந்தபோது விஷயம் பள்ளிவாசல் மின்நிலையம், ஆலுவா உர ஆலை, மொராக்கோ, இலங்கை என்று நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லுக்குள் பூட்டிய சத்து

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மூன்று பெயர்கள் தெரிந்திருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மணிச்சத்து என்பதுதான் பாஸ்பரஸ். வேர் ஓடவும், பூ பிடிக்கவும், மணி திரளவும் வேண்டிய சத்து. மனிதனுக்கும் மாட்டுக்கும் எலும்பிலும் பல்லிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும்தான்.

தழைச்சத்தான நைட்ரஜன் காற்றிலேயே இருக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு காற்று அதுதான். காற்றைப் பிடித்து அழுத்தி, ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிவிடலாம். மணிச்சத்துக்கு அந்த வசதி கிடையாது. பூமியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அபடைட் என்ற கனிமம் நிறைந்த பாறையை ராக் பாஸ்பேட் என்கிறார்கள். பழைய கடலடியில் பல கோடி ஆண்டுகளாகப் படிந்து இறுகியவையே இவற்றில் அதிகம். நம் நாட்டில் பெரிய சுரங்கம் ராஜஸ்தானில் உதயபூருக்குப் பக்கத்தில் ஜாமர்கோட்ராவில் இருக்கிறது. 1968-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பாறையை உடைத்தால் பழங்காலக் கடல் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக விட்டுப்போன வரிகள் கண்ணுக்கே தெரியும். தமிழ்நாட்டிலும் திருச்சிச் சீமையில் ஊட்டத்தூர், காரை பக்கத்துக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் கிடைக்கின்றன. ஆனால் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. பெரிய ஆலை ஒன்றை அதை நம்பி நடத்த முடியாது.

நல்ல ரகக் கல்லில் நூற்றுக்கு முப்பது பங்கு பாஸ்பரஸ் பென்டாக்சைடு இருக்கும். உர மூட்டைகளில் போடும் கணக்கு இதுதான். சுத்த பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் 13 விழுக்காடு. அதோடு ஃபுளோரின் என்ற பொருள் 3 முதல் 4 விழுக்காடு வரை ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் போட்டால் கரையாது. வேர் உறிஞ்ச வேண்டுமானால் கரைய வேண்டும். அபடைட்டில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஃபுளோரினும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்துவது அமிலம்.

மலையே ஆலையாக இருக்கும் இடம்

பள்ளிவாசல் தோட்டத்தில் அந்தக் கரையாத கல் மாவை மூட்டை மூட்டையாக வாங்கி எதற்குப் போடுகிறார்கள்? இதில்தான் இயற்கையின் வேடிக்கை இருக்கிறது.

தேயிலை, புளித்த மண்ணில் வளரும் செடி. பி.எச். என்று சொல்லும் அமில அளவில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் அதற்குச் சுகம். மூணாறு மலையில் மழை கொட்டுகிற கொட்டில் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பெல்லாம் காலகாலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அமில மண். அந்த மண்ணே கல்லை மெதுவாகக் கரைக்கிறது. ஆலையில் கந்தக அமிலம் சில மணி நேரத்தில் செய்யும் வேலையை, பள்ளிவாசல் மண் மாதக்கணக்கில், செலவில்லாமல் செய்கிறது. மெதுவாகக் கரைவதிலும் ஒரு லாபம் உண்டு. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். உடனே கரையும் உரத்தைப் போட்டால் அவை மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல் மாவு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதால் வேருக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது.

போடும் முறையும் தனி. யூரியாவைப் போல மேலாகத் தூவிவிட்டுப் போவதில்லை. மணிச்சத்து மண்ணில் நடமாடாது. போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆகையால் செடியோரம் குழி குத்தி, வேர் எட்டும் ஆழத்தில் வைத்து மூடுகிறார்கள். சரிவில் நின்றுகொண்டு குழி குத்துவது லேசான வேலை அல்ல. 100 கிலோ தேயிலைத்தூள் மலையை விட்டு இறங்கும்போது அதோடு ஏறத்தாழ ஒரு கிலோ மணிச்சத்தும் இறங்கிப் போகிறது. நாம் காலையில் குடித்துவிட்டு வடிகட்டியில் தட்டும் சக்கையில் அதில் ஒரு பகுதி இருக்கிறது.

இதே மூட்டையைக் கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அந்த மண் காரத்தன்மை உள்ளது. கல் மாவு அங்கே மணலைப் போல வருஷக்கணக்கில் கிடக்கும். பயிர் சாவியாகிப் போகும். மலையில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஊரில் உள்ள நிலத்துக்கு வாங்கி அனுப்பியவர்கள் கதையும் எனக்குத் தெரியும். சமவெளிக்கு ஆலையில் கரைத்த உரம்தான் வேண்டும்.

கல்லை அமிலத்தில் கரைத்து உரம் செய்யும் வித்தை புதிதல்ல. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பவர் 1842-ல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ல் வந்தது. வந்த இடம் நம் ராணிப்பேட்டை. தோல் பதனிடுவதற்குப் பெயர் போன ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். இந்திய உரத் தொழிலின் பிறந்த வீடும் அதுவே.

முதிரப்புழை தந்த மின்சாரம்

இனி மலையிலிருந்து இறங்குவோம். பள்ளிவாசலுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது தேயிலையால் மட்டும் அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் திட்டம் இங்கேதான், முதிரப்புழை ஆற்று நீரில், 1940 மார்ச்சில் தொடங்கியது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலம். முதலில் 5 மெகாவாட் எந்திரங்கள் மூன்று. பிறகு 7.5 மெகாவாட் எந்திரங்கள் மூன்று சேர்ந்து மொத்தம் 37.5 மெகாவாட் ஆனது. இன்றைய கணக்கில் இது சின்ன எண். அன்றைக்கு அதை என்ன செய்வது என்று தேட வேண்டியிருந்தது. மின்சாரத்தைத் தின்னும் தொழில்கள் ஆலுவாவுக்குப் பக்கத்தில் பெரியாற்றங்கரையில் வந்து உட்கார்ந்தன. 1943-ல் அலுமினிய ஆலை. அதே ஆண்டில் பதிவாகி, 1947-ல் உற்பத்தி தொடங்கியது ஃபாக்ட் என்று சுருக்கமாகச் சொல்லும் திருவிதாங்கூர் உர, ரசாயன நிறுவனம்.

அதைத் தொடங்கியவர்கள் திருச்சி சேஷசாயி சகோதரர்கள். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின் அங்கிருந்து அரிசி வருவது நின்று, திருவிதாங்கூரில் பஞ்சம் தலைகாட்டிய நேரம். நெல் விளைய உரம் வேண்டும். நிலக்கரியோ எண்ணெயோ பக்கத்தில் இல்லை. ஆகவே காட்டு விறகை எரித்து வாயு எடுத்து, அதிலிருந்து அம்மோனியா செய்தார்கள். பெரிய உர ஆலை விறகில் நடந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அம்மோனியம் சல்பேட் செய்ய ஜிப்சம் வேண்டும். அது நம் திருச்சி மாவட்டத்துக் களிமண் பூமியிலிருந்து வெட்டி மலையாள நாட்டுக்குப் போனது. இந்த ஜிப்சம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பள்ளிவாசலில் எந்திரத்தைச் சுழற்றிய நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. முதிரப்புழை பெரியாற்றில் சேர்கிறது. பெரியாறு ஆலுவாவைத் தாண்டி ஏலூரில் அந்த உர ஆலையின் ஓரமாகவே ஓடிக் கடலுக்குப் போகிறது. கம்பி வழியே முன்னால் போன மின்சாரத்தைப் பின்தொடர்ந்து, அதைத் தந்த ஆறும் ஆலை வாசலுக்கு வந்து சேர்கிறது என்று சொல்லலாம். அந்த ஏலூர்–எடையாறு தொழிற்பகுதியில் ஆற்று நீர் கெட்டுப்போவது பற்றிப் பல வருஷமாகப் போராட்டமும் வழக்கும் நடந்து வருவதையும் சொல்லத்தான் வேண்டும். பல வகை ஆலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கரை அது.

1970-களில் ஃபாக்ட் கொச்சிக்குக் கிழக்கே அம்பலமேட்டில் இன்னொரு பெரிய பிரிவை அமைத்தது. கல்லும் கந்தகமும் கப்பலில் வெல்லிங்டன் தீவுக்கு வரும். அங்கிருந்து ஆலைக்குப் படகுகளில் கால்வாய் வழியாகவே போகும். 1993-ல் அறிவித்த தேசிய நீர்வழி 3-ல் கொல்லம்–கோட்டப்புறம் பாதையோடு சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களையும் சேர்த்தது இந்தச் சரக்கை முன்னிட்டுத்தான். ரயில்காரன் வாயால் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: இவ்வளவு குறுகிய தூரத்துக்குக் கனமான கல்லைக் கொண்டுபோகப் படகுக்கு ஈடு எதுவும் இல்லை.

ஆலைக்குள் நடப்பது இதுதான். முதலில் கந்தகத்தை எரிக்கிறார்கள். வரும் வாயுவை வனேடியம் கலந்த ஊக்கியின் மேல் செலுத்தி, உறிஞ்சிக் கந்தக அமிலம் ஆக்குகிறார்கள். கந்தகம் எரியும்போது வரும் வெப்பத்தில் நீராவி எடுத்து எந்திரம் ஓட்டுவதும் உண்டு. மறுபக்கம் கல்லை உருளை ஆலையில் மாவாக அரைக்கிறார்கள். இரண்டையும் பெரிய தொட்டியில் கலந்து, 75 முதல் 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அமிலம் கல்லிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி ஜிப்சமாக ஆக்கிவிடும். பாஸ்பேட் அமிலமாக நிற்கும். வடிகட்டினால் கீழே பாஸ்பாரிக் அமிலம், மேலே ஜிப்சம். ஃபுளோரினில் ஒரு பகுதி ஆவியாகக் கிளம்பும். அதைத் தண்ணீர் தெளித்துப் பிடிக்க வேண்டும். புகைபோக்கி வழியே விட்டால் சுற்று வட்டாரப் புல்லுக்கும் அதை மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கேடு. பாஸ்பாரிக் அமிலத்தை வற்றவைத்து, அம்மோனியாவோடு சேர்த்து, சுழலும் பீப்பாயில் உருட்டினால் குருணை உரம். ஃபாக்டம்பாஸ் என்று கேரளத்திலும் நம் தென் மாவட்டங்களிலும் தெரியாத விவசாயி இருக்க மாட்டார். அதில் தழைச்சத்து 20, மணிச்சத்து 20, கந்தகம் 13 விழுக்காடு. டி.ஏ.பி. செய்வதும் இதே வழிதான். அதில் 18-க்கு 46. தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை வந்த பிறகு நம் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தப் பெயரும் பழகிவிட்டது.

கல்லோடு கந்தக அமிலத்தை மட்டும் அளவாகச் சேர்த்து, ஜிப்சத்தைப் பிரிக்காமல் அப்படியே இறுகவிட்டால் அது சூப்பர் பாஸ்பேட். மணிச்சத்து 16 விழுக்காடுதான். ஆனால் செய்வது எளிது. இதில் கொஞ்சம் அமிலம் மிச்சம் நிற்கும். என் தொழிலுக்கு அது எதிரி. உரம் இறக்கும் குட்ஷெட் லைனில் தண்டவாளத்தின் அடிப்பக்கமும் ஃபிஷ்பிளேட்டும் மற்ற இடங்களைவிட எத்தனை சீக்கிரம் அரித்துப்போகும் என்பதைக் கேங்மேன்கள் நன்றாக அறிவார்கள். மழைக்காலத்தில் மூட்டை உடைந்து சிந்தினால், உடனே கழுவிவிடு என்று சத்தம் போடுவதே எங்களுக்கு வேலை.

இப்போது அந்த ஜிப்சம். பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு டன் மணிச்சத்து எடுத்தால் ஏறத்தாழ ஐந்து டன் ஜிப்சம் மிஞ்சும். ஒரு லட்சம் டன் எடுக்கும் ஆலையில் ஐந்து லட்சம் டன். ஒரு சரக்கு ரயிலில் 2,500 டன் என்று வைத்தால் வருஷத்துக்கு 200 ரயில்! அதனால்தான் இத்தகைய ஆலைகளின் பின்னால் வெள்ளை மலைகள் எழும்புகின்றன. திருச்சியிலிருந்து தேடி வாங்கிய அதே பொருள், சில பத்தாண்டுகளில் வைக்க இடமில்லாத குப்பையாகிவிட்டது. கல்லில் இருக்கும் சொற்ப யுரேனியத்தின் வழிவந்த ரேடியமும் அதில் தங்கிவிடுவதால் நினைத்த இடத்தில் கொட்டவும் முடியாது. சிமென்ட் ஆலைகள் கொஞ்சம் வாங்குகின்றன. உவர் நிலத்தைத் திருத்தக் கொஞ்சம் போகிறது. ஃபாக்ட் நிறுவனம் மும்பை ஆர்.சி.எஃப். நிறுவனத்தோடு கூட்டாக 2008-ல் ஒரு கம்பெனி தொடங்கி, ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் சுவர்ப் பலகைகள் செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அந்தப் பலகைகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு மாடி வீடே கட்டிக் காட்டினார்கள். என்ஜினீயர் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்த வேலை. ஆனால் குவிகிற வேகத்துக்கு இதெல்லாம் கொசுறுதான்.

மாட்டுக்கு ஏன் கூடாது?

தங்கை மகளின் பசுவுக்கு வருகிறேன். மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் 1963-ல் இந்திய–சுவிஸ் திட்டம் தொடங்கி, சுவிட்சர்லாந்துக் காளைகளோடு நாட்டுப் பசுக்களைச் சேர்த்து சுனந்தினி என்ற கலப்பினத்தை உண்டாக்கினார்கள். மலைநாட்டு வீடுகளில் கறவை பெருகியது அதற்குப் பிறகுதான். கறவை கூடினால் செலவும் கூடும். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பரஸ் போகிறது. பத்து லிட்டர் கறந்தால் தினம் பத்து கிராம். வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. தவிட்டில் நிறைய இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கும். மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் அதைத் திறந்துவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் இப்போது கோழித் தீவனத்தில் ஃபைட்டேஸ் என்ற நொதியைக் கலக்கிறார்கள்.

வரவு குறைந்து செலவு கூடினால் பசு தன் எலும்பிலிருந்தே எடுத்துப் பாலில் கொடுக்கும். பிறகு கயிறு, சுவர், எலும்பு என்று கண்டதைக் கடிக்கும். இதை லேசாக நினைக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாடுகள் கூட்டம் கூட்டமாக முடங்கிச் செத்தன. ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை மருத்துவர் ஆராய்ந்து காரணத்தைக் கண்டார். மேய்ச்சல் புல்லில் பாஸ்பரஸ் இல்லை. மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைத் தேடிக் கடித்தன. அந்த அழுகலில் இருந்த போட்டுலிசம் நஞ்சு அவற்றைக் கொன்றது. சுத்தமான எலும்புத் தூள் கொடுத்தவுடன் எலும்பு தேடும் பழக்கமே நின்றுவிட்டது.

அப்படியானால் கல் மாவை ஏன் கொடுக்கக் கூடாது? ஃபுளோரின் காரணம். தீவனப் பாஸ்பேட்டில் நூறு பங்கு பாஸ்பரஸுக்கு ஒரு பங்குக்கு மேல் ஃபுளோரின் கூடாது என்பது நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் அளவுகோல். ராக் பாஸ்பேட்டில் 13-க்கு 3. அதாவது நாலு பங்குக்கு ஒரு பங்கு. அனுமதித்ததைப் போல இருபத்தைந்து மடங்கு! தினம் ஒரு கை என்று போட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்லப் பல் கறுத்துத் தேயும். எலும்பு முண்டு முண்டாகப் புடைக்கும். மாடு நொண்டும், தீனி எடுக்காது, கறவை வற்றும். போன பல் திரும்பாது. 1937-ல் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் நோயை மருத்துவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே, உழவு மாடுகள் நடக்க முடியாமல் போவதை அந்த ஊர் விவசாயிகள் கவனித்திருந்தார்கள். அங்கே கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடு செய்ததை இங்கே நாமே கையால் அள்ளிப் போடுவதாக ஆகும். சூப்பர் பாஸ்பேட் உரத்தையும் மாட்டுக்குக் காட்டக் கூடாது. அதிலும் ஃபுளோரின் போதிய அளவு நீங்கியிருக்காது.

மாட்டுக்கு ஆனது டைகால்சியம் பாஸ்பேட், சுருக்கமாக டி.சி.பி. அதில் பாஸ்பரஸ் 18 விழுக்காடு. தீவனப் பாஸ்பேட்டை மூன்று வழியில் செய்கிறார்கள். பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து ஃபுளோரினை நன்றாக நீக்கிவிட்டுச் சுண்ணாம்போடு சேர்ப்பது ஒன்று. கல்லையே சோடா உப்பும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு ஃபுளோரினை ஓட்டிவிடுவது இன்னொன்று. மூன்றாவதற்குக் கல்லே வேண்டாம். திருச்சூர் மாவட்டம் கொரட்டிக்குப் பக்கத்தில் காத்திக்குடத்தில் உள்ள ஆலையில் நடப்பது அதுதான். உடைத்த எலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். தாதுப் பகுதி கரைந்து வரும்; மிஞ்சும் ஓசீன் என்ற புரதம் ஜெலட்டின் ஆகி, நாம் விழுங்கும் மாத்திரைக் குப்பிகளுக்குப் போகும். கரைந்து வந்ததில் சுண்ணாம்பைச் சேர்த்தால் டி.சி.பி. வெள்ளைப் பொடியாகப் படியும். எலும்பில் இயல்பாக ஃபுளோரின் குறைவு என்பதால் நீக்கும் வேலை மிச்சம்.

"அந்தப் பொடி விலையக் கேட்டீங்களா மாமா? கல்லுப் பொடி மாதிரி நாலஞ்சு மடங்கு சொல்றான்" என்றாள் தங்கை மகள். உண்மைதான். அமிலத்துக்கு ஒரு விலை, ஃபுளோரினை எடுப்பதற்கு ஒரு விலை, சோதனைக்கு ஒரு விலை. மருத்துவரிடம் மறுபடி கேட்டு, தாது உப்புக் கலவையாகவே வாங்கச் சொன்னேன். வாங்கும்போது பையில் ஐ.எஸ். 1664 என்ற இந்தியத் தரநிலை எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அந்தத் தரத்தில் ஃபுளோரினுக்கும் உச்சவரம்பு உண்டு. இரண்டு மாதத்தில் பசு கயிற்றை விட்டுவிட்டது. சுவரை நக்குவது மட்டும் எப்போதாவது உண்டாம். உப்புக்காக இருக்கலாம்.

கல் யார் கையில்?

உலகத்தில் தெரிந்த பாஸ்பேட் கல் இருப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு மொராக்கோவிலும் அது தன் பிடியில் வைத்திருக்கும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. நாம் மொராக்கோ, ஜோர்டான், எகிப்து போன்ற நாடுகளிலிருந்து கல்லாகவும் அமிலமாகவும் முடிந்த உரமாகவும் வாங்குகிறோம். 2007-ல் டன் 50 டாலர் அளவில் இருந்த கல் 2008-ல் 400 டாலரைத் தாண்டியது. அப்போது குட்ஷெட்டில் டி.ஏ.பி. ரயில் வந்தால் போலீஸ் காவலோடு இறக்கிய ஊர்களும் உண்டு.

இலங்கை அன்பர்கள் நம் சங்கத்தில் இருப்பதால் எப்பாவலவையும் சொல்ல வேண்டும். அனுராதபுரம் மாவட்டத்தில் 1971-ல் கண்டுபிடித்த பாஸ்பேட் படிவு அது. பல கோடி டன் என்று மதிப்பு. அதை அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குப் பெருமளவில் வெட்டக் கொடுக்க அரசு முனைந்தது. அந்த ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவும் வழக்குப் போட்டார்கள். 2000-ல் உச்ச நீதிமன்றம் அந்த வேகத்தில் வெட்டுவதைத் தடுத்துவிட்டது. உள்ளூர் நிறுவனம் சிறிய அளவில் வெட்டி அரைத்து, தேயிலைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் மாவாகவே கொடுக்கிறது. பள்ளிவாசலில் செய்வதைப் போலத்தான். ஆனால் வயலுக்குக் கரையும் உரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது நெல்லும் தேயிலையும் சரிந்ததையும், அதே ஆண்டு நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றதையும் நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். மலையகத்தில் கொழுந்து குறைந்தபோது அன்றாடக் கூலி குறைந்தது நம் ஜனங்களுக்குத்தான்.

கடைசியாக, மாடியில் தொட்டி வைத்திருக்கும் நம் சங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு குறிப்பு. குழாய்த் தண்ணீர் கடினமாக, பாத்திரத்தில் வெள்ளை படியும் ஊர்களில் ராக் பாஸ்பேட் வாங்கி ரோஜாவுக்குப் போட்டுப் பயனில்லை. எலும்புத் தூளும் அந்த மண்ணில் மெதுவாகத்தான் வேலை செய்யும். சூப்பர் பாஸ்பேட் ஒரு தேக்கரண்டி எடுத்து, மேலே தூவாமல், தொட்டியின் ஓரத்தில் விரல் ஆழத்துக்குக் குழி செய்து வைத்து மூடுங்கள். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றும் நம் பாட்டிமார் பழக்கத்தில் கொஞ்சம் மணிச்சத்தும் சேர்ந்தே போகிறது, அதைத் தொடரலாம். முட்டை ஓட்டில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். மணிச்சத்தை அதில் தேட வேண்டாம்.